இலையை விலக்காதீர்கள்

பறவைப் படம் என்றால் பறவை முழுதாகத் தெரிய வேண்டும். குறுக்கே ஒரு குச்சிகூட ஓடக் கூடாது. கண்ணில் ஒளிப்பொட்டு மின்ன வேண்டும், பின்னணி ஒரே நிறமாகக் கரைந்துபோக வேண்டும். கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் கேமராவைத் தூக்கிக்கொண்டு பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கும் வீராணம் ஏரிக்கும் போகிறவர்களில் பெரும்பாலோர் இதை இலக்கணமாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். போட்டிகளில் பரிசு பெறுவதும் இப்படிப்பட்ட படங்கள்தான். புதிதாகக் கேமரா வாங்கியவருக்கு முதலில் சொல்லித்தரப்படுவதும் இதுதான்.

இந்த இலக்கணத்தை ஒப்புக்கொண்டால் அடுத்தது தானாக வந்துவிடும். பறவை இலைக்குள் இருந்தால் அதை வெளியே வரவழைக்க வேண்டும். கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிடலாம். குறுக்கே நிற்கும் கிளையை வளைத்துக் கட்டலாம், ஒடித்தும் போடலாம். “அண்ணே, இன்னும் கொஞ்சம் உள்ள விடுங்க” என்று படகுக்காரரிடம் கேட்கலாம். எதுவும் பலிக்காவிட்டால் வீட்டுக்கு வந்து கணினியில் கிளையை அழித்துவிடலாம்.

இது தவறு. பறவைக்குச் செய்யும் கேடு ஒரு பக்கம் இருக்கட்டும். ஒளிப்படக் கலையாகவும் தவறு, அறிவாகவும் தவறு. தன்னை மறைத்துக்கொள்ளும் பறவையை அதன் மறைவோடு எடுத்தால்தான் அது அந்தப் பறவையின் படம்.

மாற்றுத் தரப்பை அவர்களே சொல்வதுபோல முதலில் சொல்லிவிடுகிறேன். முழு உருவம் தெரியாத படத்தை வைத்து இனம் காண முடியாது, ஆகவே அது ஆவணமாகப் பயன்படாது என்கிறார்கள். பறவை அசையாமல் இருந்த இடத்திலேயே இருந்தது, அப்படியானால் அதற்குத் தொந்தரவு ஏதும் இல்லை என்கிறார்கள். ஐந்து நிமிடக் குரல், ஒரு சின்னக் கிளை இவற்றால் காடு அழிந்துவிடாது. புயலும் வெயிலும் செய்வதோடு ஒப்பிட்டால் இது தூசு என்கிறார்கள். இலைகளுக்குள் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது, வேறு வழியில்லை என்பது இன்னொரு வாதம். கடைசியாக, அழகான படத்தைப் பார்த்துத்தான் மக்கள் பறவையை நேசிக்கத் தொடங்குகிறார்கள், நேசித்தால்தான் காப்பாற்றுவார்கள் என்கிறார்கள். இவற்றில் எதுவும் விளையாட்டுக்காகச் சொல்லப்படுவதில்லை. இப்படிச் சொல்கிறவர்களில் பலர் பறவைகள் மீது உண்மையான பிரியம் கொண்டவர்கள். அதனால்தான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

1. இனம் காண்பதற்கு முழு உருவம் வேண்டுமா?

களக் கையேட்டுக்கு வேண்டும். சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் 1941-இல் வெளிவந்தபோது அதில் இருந்த வண்ண ஓவியங்கள் அந்த வேலையைத்தான் செய்தன. பறவையைப் பக்கவாட்டில் நிறுத்தி, அலகு முதல் வால்வரை காட்டின. இன்றும் அந்த வேலைக்கு ஓவியமே சிறந்தது. வெளிச்சமும் நிழலும் குழப்பாமல் அடையாளத்தை மட்டும் அதனால் காட்ட முடியும். எண்பது ஆண்டுகளுக்கு முன்பே ஓவியம் செய்து முடித்த வேலையைத் திரும்பச் செய்வதற்கா இத்தனை விலை கொடுத்து லென்ஸ் வாங்குகிறோம்? ஓவியத்தால் முடியாத ஒன்று ஒளிப்படத்தால் முடியும். இந்தப் பறவை, இந்த நாளில், இந்த மரத்தில், இந்த வெளிச்சத்தில் இப்படி இருந்தது என்று சாட்சி சொல்ல முடியும். அந்தச் சாட்சியிலிருந்து மரத்தையும் வெளிச்சத்தையும் வெட்டி எறிந்துவிட்டு ஆவணம் என்று பேசுவது பொருந்தாது.

தவிர, களத்தில் பழகியவர் யாரும் முழு உருவத்துக்காகக் காத்திருப்பதில்லை. வேர்களுக்கு நடுவே மஞ்சள் கண்ணும், கோடு கோடான கழுத்தும், மண்நிற முதுகும் தெரிந்தால் போதும், மடையான் என்று சொல்லிவிடுவார்கள். வெண்பொட்டுகள் தெறித்த பழுப்பு இறகு இலை இடுக்கில் தெரிந்தால் இளம் வக்கா. துண்டுகளிலிருந்து இனம் காண்பதுதான் இந்தப் பறவைகளைப் பொறுத்தவரை கண்ணுக்கான பயிற்சி. மறைவோடு எடுத்த படம் பார்ப்பவருக்கு அந்தப் பயிற்சியைத் தரும். வெட்டி எடுத்த படம் தராது.

2. மறைவு பறவைக்கு வெளியே இருக்கிறதா?

மொத்தச் சிக்கலுக்கும் வேர் இந்த எண்ணத்தில்தான் இருக்கிறது. பறவை ஒன்று, அதை மூடியிருக்கும் இலை வேறொன்று, இலையை நீக்கினால் ‘அசல்’ பறவை கிடைத்துவிடும் என்று நினைக்கிறோம். உயிரியல் அப்படிச் சொல்லவில்லை.

ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் பக்கிகளையும் தரையில் முட்டையிடும் வேறு சில பறவைகளையும் மார்ட்டின் ஸ்டீவன்ஸ், ஜோலியன் டிராஸ்சியான்கோ, கிளேர் ஸ்பாட்டிஸ்வுட் முதலான ஆய்வாளர்கள் படமெடுத்து ஆராய்ந்தார்கள். பறவையையும் அதைச் சுற்றியிருந்த தரையையும் சேர்த்தே எடுத்தார்கள். பறவைக்கும் தரைக்கும் உள்ள பொருத்தம் கூடக் கூட முட்டைகள் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பும் கூடுகிறது என்று 2016-இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு வந்த முடிவு இன்னும் வியப்பானது. ஒவ்வொரு தனிப் பறவையும் தன் உடம்பின் நிறத்துக்கும் கோலத்துக்கும் எந்த இடம் கூடுதலாகப் பொருந்துமோ அந்த இடத்தையே தேர்ந்தெடுக்கிறது. பொதுவாகப் பக்கி இனத்துக்குப் பொருந்தும் இடத்தை அல்ல, தனக்குப் பொருந்தும் இடத்தை.

அப்படியானால் பின்னணி என்பது பறவை எடுத்த முடிவு. பறவையின் நடத்தை அது. சிறகடிப்பதையும் மீன் கொத்துவதையும் படமெடுக்கக் காத்துக்கிடக்கும் நாம், அதற்குச் சற்றும் குறையாத இந்தச் செயலைக் கரைத்து அழிக்கிறோம். அழித்ததற்குப் பரிசும் வாங்குகிறோம்.

நம் ஊரிலேயே பாருங்கள். பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் நிலத்தில் முந்திரித் தோப்புகள் இருக்கின்றன. உதிர்ந்த முந்திரி இலை காய்ந்தால் ஒரு பக்கம் செம்பழுப்பாகவும் மறுபக்கம் வெளிறிய சாம்பலாகவும் ஆகிவிடும்; ஓரங்கள் சுருண்டு, ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிறு நிழல் விழும். அந்தச் சருகின் மேல் பக்கி பகலெல்லாம் கண்ணை ஒரு கீற்றளவு திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முதுகில் சாம்பலும் செம்பழுப்பும், அவற்றின் மேல் மெல்லிய கருங்கோடுகள். சருகு விளிம்பின் நிழல் எவ்வளவு கனமோ அந்தக் கோடும் ஏறக்குறைய அவ்வளவே கனம். இதைப் படத்தில் காட்ட வேண்டுமானால் சுற்றியுள்ள சருகும் பறவையைப் போலவே துல்லியமாக விழ வேண்டும். பின்னணியைக் கரைத்துவிட்டால் மிஞ்சுவது பழுப்பு நிறத்தில் ஒரு பறவை; அது ஏன் அந்த நிறத்தில் இருக்கிறது என்ற கேள்விகூடப் பார்ப்பவருக்கு எழாது.

பிச்சாவரத்திலும் இதே கதைதான். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் இந்த அலையாத்திக் காடு 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. சுரபுன்னையின் ஊன்றுவேர்களில் ஓர் உயரம்வரைதான் சிப்பிகள் ஒட்டியிருக்கும்; ஓதம் எதுவரை ஏறும் என்பதை அந்தக் கோடு சொல்லிவிடும். மடையான் அந்தக் கோட்டுக்கு மேலே நிற்கிறதா, கீழே சேற்றில் இறங்கி நிற்கிறதா என்பது தெரிந்தால் நீர் ஏறியிருந்ததா வடிந்திருந்ததா என்பது தெரியும். அது இரை தேடுகிறதா, ஓய்கிறதா என்பதும் தெரியும். வேரைக் கரைத்துவிட்டால் இவ்வளவும் போய்விடும். பிச்சாவரத்து மடையானுக்கும் ஏதோ ஒரு வயல் வரப்பு மடையானுக்கும் படத்தில் வேற்றுமையே இருக்காது.

இதை முன்பே உணர்ந்தவர்கள் உண்டு. ஹியூ காட் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் 1940-இல் விலங்குகளின் நிறத்தகவமைவு பற்றி எழுதிய பெருநூலில் அவரே எடுத்த ஒளிப்படங்கள் சான்றாக நின்றன. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு உருமறைப்புக் கற்றுத்தந்தவரும் அவர்தான். அவருக்கு முந்தைய அபட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர் இதற்கு நேர் எதிர். எல்லா விலங்கின் நிறமும் மறைவதற்கே என்று நிறுவப் புறப்பட்டு, மயில்கூடக் காட்டில் மறையும் என்று ஓவியம் வரைந்தார். தன் கொள்கைக்கு ஏற்றபடி பின்னணியை அமைத்துக்கொண்டார். 1911-இல் தியடோர் ரூஸ்வெல்ட் அதைக் கடுமையாக மறுத்து எழுதினார். உயிரினம் தானாகத் தேர்ந்த இடத்தை மாற்றி அமைத்துவிட்டு உண்மை பேச முடியாது. ஓவியருக்குப் பொருந்தும் இந்த விதி, கிளையை ஒடிக்கும் ஒளிப்படக்காரருக்கும் பொருந்தும்.

3. அசையாமல் இருந்தால் அமைதியாக இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. நார்வேயில் அடைகாத்துக்கொண்டிருந்த டார்மிகன் கோழிகளை மனிதர்கள் நெருங்கியபோது என்ன நடந்தது என்று ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1985-இல் எழுதினார்கள். கோழி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஆனால் அதன் இதயத்துடிப்பு சரேலென்று குறைந்தது. வெளியே அமைதி, உள்ளே அச்சம். உருமறைப்பை நம்பி வாழும் பறவைக்கு அசையாதிருத்தலே பாதுகாப்பு. ஓடிவிட்டால் மறைவு உடைந்துவிடும் என்பதால் கடைசிக் கணம்வரை தாங்கிக்கொள்ளும். அதை ‘போஸ்’ கொடுத்ததாக எழுதுகிறோம்.

முந்திரித் தோப்புப் பக்கிக்கு இது உயிர் விஷயம். அது கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் இரண்டு முட்டை இடும். முட்டைக்குப் பெரிய காவல் அடைகாக்கும் பறவையின் நிறம்தான். இன்னும் ஓர் அடி, இன்னும் ஓர் அடி என்று நெருங்கிப் பறவையை எழுப்பிவிட்டால் கோடை வெயில் நேராக முட்டையில் விழும். காக்கைக்கும் இடம் தெரிந்துவிடும். எழுப்பியவர் நல்ல படத்தோடு போய்விடுவார்.

இங்கே சட்டத்தையும் நினைவூட்ட வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரும் வரையறையில், விலங்கைத் துரத்துவதும், இரை வைத்து ஈர்ப்பதும், பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். துப்பாக்கிக்குப் பதில் கேமரா வைத்திருப்பதால் அந்த வரையறையிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை.

4. ஐந்து நிமிடக் குரலால் என்ன ஆகிவிடும்?

நேர்மையாகச் சொல்ல வேண்டும்: பெருங்கேடு விளையும் என்று எல்லா இனத்துக்கும் நிரூபிக்கப்படவில்லை. ஈக்வடாரில் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து நிமிடம் குரலை ஒலிக்கவிட்ட பின் பறவைகள் வழக்கத்தைவிட அதிகமாகக் கத்தின. நாள்தோறும் ஒலிக்கவிட்ட இடங்களில் ஒரு வகைச் சிட்டு பன்னிரண்டாம் நாளுக்குள் ஏறக்குறைய கண்டுகொள்வதையே நிறுத்திவிட்டது. ‘பார்த்தீர்களா, பழகிவிடுகிறது’ என்று இதைக் காட்டுவார்கள். அது பழகிய விதத்தை யோசித்துப் பாருங்கள். தன் எல்லைக்குள் இன்னொரு பறவை வந்துவிட்டது என்று எத்தனையோ முறை பொய்யாக எழுப்பப்பட்ட பிறகு பழகியிருக்கிறது. அந்த அலைச்சலுக்குச் செலவான நேரம் இரை தேடும் நேரம். அதோடு, குரலுக்கு வெளியே வந்த பறவையின் படம் எதைக் காட்டுகிறது? கைப்பேசியோடு சண்டைக்கு வந்த பறவையைக் காட்டுகிறது. அதன் அன்றாட வாழ்வை அல்ல.

5. ஒரு கிளைதானே?

பிச்சாவரம் காப்புக்காடு, அங்கே கிளை ஒடிக்க யாருக்கும் உரிமை இல்லை. சிதம்பரத்துக்குப் பழம்பெயர் தந்த தில்லை மரமும் அந்தக் காட்டில் நிற்கிறது. அதை ஒடித்தால் வடியும் பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படும். உள்ளூர்க்காரர் யாரும் அதில் கைவைப்பதில்லை. புயலைச் சொல்கிறார்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் இந்த மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது உண்மைதான். புயல் சாய்த்ததால் நாமும் ஒடிக்கலாம் என்பது வாதமே அல்ல. அடிபட்ட காட்டில் மிஞ்சிய மறைவுகளின் மதிப்பு கூடத்தான் செய்யும்.

6. கேமராவால் முடியாதா?

முடியும். இங்கேதான் எனக்கு ஆதங்கம் அதிகம். ‘வேறு வழியில்லை’ என்கிறவர்கள் பெரும்பாலும் தங்கள் கருவியையே முழுதாகப் பழகாதவர்கள்.

பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் கேமராக்கள் 2020 வாக்கில் பரவலாயின. திறந்த வெளியில் அவை அற்புதமாக வேலை செய்கின்றன, இலைக்குள் தடுமாறுகின்றன. பருந்தை ஏமாற்ற உருவான வண்ணம் கேமராவையும் ஏமாற்றுகிறது, அவ்வளவுதான். அந்த வசதியை அணைத்துவிட்டு, குவியப் புள்ளியை இருப்பதிலேயே சிறியதாக வைத்து, கண்ணுக்கு மேல் கொண்டுபோய் நிறுத்துங்கள். அப்படியும் முன்னால் நிற்கும் குச்சியைப் பிடித்தால் லென்ஸின் வளையத்தைக் கையால் திருப்புங்கள். அசையாமல் இருக்கும் பறவைக்குக் கையால் குவியம் வைக்க நேரம் தாராளமாக இருக்கிறது. மறைந்திருக்கும் பறவை நமக்குத் தரும் பெரிய வசதியே அந்த நேரம்தான்.

அடுத்தது துளை. 600 மி.மீ. லென்ஸை எஃப் 6.3-இல் வைத்து 10 மீட்டர் தொலைவில் உள்ள பறவையை எடுத்தால், முழுச்சட்டக் கேமராவில் துல்லியமாக விழும் ஆழம் ஏறக்குறைய 10 செ.மீ.தான். மடையான் ஒன்றரை அடி நீளம் இருக்கும். எஃப் 11-க்குப் போனால் அந்த ஆழம் 18 செ.மீ. அளவுக்கு வளரும், பறவையோடு அது சாய்ந்து நிற்கும் வேரும் இலையும் உள்ளே வந்துவிடும். வெளிச்சம் குறையும், ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டும், படத்தில் மணல் தூவியதுபோல் கொஞ்சம் புள்ளிகள் தெரியும். தெரியட்டும்.

வெயிலைத் தேடாதீர்கள். அலையாத்தி இலைகள் மெழுகு பூசியதுபோல் மினுங்கும். உச்சி வெயிலில் ஒவ்வொரு இலையும் ஒரு வெள்ளைத் திட்டாகிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்து மேகமூட்டம்தான் இதற்கு ஏற்ற வெளிச்சம். வெயிலில்தான் எடுத்தாக வேண்டுமென்றால் போலரைசர் வடிகட்டி அந்த மினுக்கத்தை அடக்கும். ஒன்று, ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தை அது தின்னும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பிச்சாவரத்தில் துடுப்புப் படகையே கேளுங்கள். மோட்டார் படகின் அதிர்வில் இந்த வேலை நடக்காது. சத்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். படகுக்குள் முக்காலி நிற்காது. படகு விளிம்பில் ஒரு மணல்பையை வைத்து அதன் மேல் லென்ஸைக் கிடத்துங்கள். துடுப்பை நிறுத்தியதும் உடனே எடுக்காமல் நீர் அடங்கும்வரை பொறுங்கள். குறுக்கே இலை நிற்கிறதா? நீங்கள் ஒரு சாண் இடம் மாறி உட்காருங்கள். அருகில் இருக்கும் இலையும் தொலைவில் இருக்கும் பறவையும் ஒன்றையொன்று விட்டு விலகிவிடும். எத்தனையோ ஒளிவழிகள் திறக்கும். இலையை நகர்த்தச் செலவிடும் முயற்சியில் பாதிகூட இதற்கு வேண்டாம். இருக்கையிலிருந்து குனிந்தாலே பல நேரம் போதும்.

கருப்பு வெள்ளையையும் யோசித்துப் பாருங்கள். மா. கிருஷ்ணன் வாழ்நாள் முழுதும் கருப்பு வெள்ளையில்தான் காட்டு விலங்குகளை எடுத்தார். பல கேமராக்களின் பாகங்களைக் கொண்டு தானே பொருத்தி அமைத்த கருவியில் எடுத்தார். 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கையைப் பற்றி இடைவிடாமல் எழுதிய அவருடைய படங்களில் காடு விலங்கோடு சேர்ந்தே வரும். நிறத்தை எடுத்துவிட்டால் உருமறைப்பில் மிஞ்சுவது ஒளியும் நிழலும் கோடும். பறவை அவற்றை எப்படிப் பயன்படுத்துகிறது என்பது அப்போது இன்னும் தெளிவாகத் தெரியும். இன்று கையில் இருக்கும் கருவிகளில் பாதித் திறன்கூட இல்லாத ஒன்றைக் கொண்டு ஒரு தமிழர் இதைச் செய்துகாட்டியிருக்கிறார். ‘முடியாது’ என்பவர்கள் அவர் படங்களைப் பார்க்க வேண்டும்.

7. அழகான படம்தான் நேசத்தைக் கொண்டுவருமா?

எதன் மீது நேசம் என்று கேட்க வேண்டும். பச்சை மங்கலுக்கு நடுவே தனியாக மிதக்கும் ஒரு பறவையின் படத்தை ஆயிரம் முறை பார்த்தவருக்கு அந்தப் பறவையின் மீது பிரியம் வரும். புதரின் மீதும் சேற்றின் மீதும் வராது. ஏரிக்கரையின் சம்பங்கோரையை வெட்டிச் ‘சுத்தம்’ செய்கிறபோது மஞ்சள் குருகுக்கு நிற்க இடமில்லாமல் போகிறது என்று அவருக்குத் தோன்றாது, ஏனென்றால் அவர் பார்த்த படம் எதிலும் கோரை இல்லை. அலகை வானத்தை நோக்கி நிமிர்த்தி, கழுத்துக் கோடுகளைக் கோரைத் தாள்களோடு சேர்த்துவைத்து அந்தக் குருகு நிற்பதைப் பார்த்தவருக்கு, கோரை போனால் குருகும் போய்விடும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தரையெல்லாம் சருகு, தண்ணீரெல்லாம் வேர் என்று இருக்கும் இடங்களைக் குப்பை என்று பார்க்கும் பழக்கத்துக்கு, இந்தக் ‘கிளீன்’ படங்கள் நம்மை அறியாமலே துணை போகின்றன.

ஆகவே கோரிக்கை நடுவர்களுக்கும் போட்டி நடத்துபவர்களுக்கும்தான். எடுப்பவர்கள் பரிசு எங்கே இருக்கிறதோ அங்கேதான் போவார்கள். அடுத்த அறிவிப்பில் மூன்று வரிகள் சேருங்கள். பறவையின் உடலில் பாதி மறைந்திருந்தாலும் படம் ஏற்கப்படும். வெட்டாத, திருத்தாத மூல ராவ் கோப்பு கேட்கப்படும். குரல் ஒலிக்கவிடப்பட்டதா, எவ்வளவு தொலைவிலிருந்து எடுக்கப்பட்டது, எடுத்து முடித்தபோது பறவை அங்கேயே இருந்ததா என்பதை எடுத்தவர் எழுதித் தர வேண்டும்.